பிளஸ் டூ மார்க்குக்கு மேல் ஹார்வர்டு, எம்ஐடி என்னதான் பார்க்கிறார்கள்?

பொருநைக்கரை:

வணக்கம். மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். ஸ்டேட் போர்டு, கணிதம் - கணினி அறிவியல் குரூப், அரசு உதவிபெறும் பள்ளி, ஆங்கில மீடியம். பத்தாவதில் 500-க்கு 489. அமெரிக்காவில் இளநிலைப் படிப்புக்கு, அதுவும் எம்ஐடி, ஹார்வர்டு, பிரின்ஸ்டன் மாதிரி இடங்களுக்கு, விண்ணப்பித்துப் பார்க்கிறேன் என்கிறாள். எனக்கு இதில் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. விசாரித்தால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

பிளஸ் டூவில் 590 தாண்டினால் போதுமா? ஒரு கன்சல்டன்சியில் நாலரை லட்சத்துக்கு பேக்கேஜ் சொன்னார்கள். ஒரு டிரஸ்ட் தொடங்கிக் கொடுப்பது, ஜர்னலில் ஆய்வுக் கட்டுரை போடுவது, விண்ணப்பக் கட்டுரைகளை எழுதித் தருவது எல்லாம் அதில் அடக்கமாம். இது அவசியமா? பள்ளியில் கவுன்சிலர் என்று யாரும் கிடையாது. பரிந்துரைக் கடிதம் யார் எழுதுவது? ஆண்டு வருமானம் ஏழு லட்சத்துக்குள். உதவித்தொகை கேட்டால் சீட் போய்விடும் என்கிறார்களே, உண்மையா?

வாசல்திண்ணை:

சார், மார்க்கிலிருந்தே ஆரம்பிப்போம். 590 வேண்டும்தான். ஆனால் அது உள்ளே நுழைய விடுவதோடு சரி, உட்கார வைக்காது.

ஹார்வர்டு மீது ஒரு வழக்கு நடந்தது. 2018-ல் பாஸ்டனில் விசாரணை, 2023 ஜூன் 29-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. அதில் சேர்க்கை அலுவலகத்தின் உள்கணக்கெல்லாம் வெளியே வந்துவிட்டது. 2019-ல் பட்டம் பெற வேண்டிய வகுப்புக்கு உள்நாட்டிலிருந்து மட்டும் ஏறத்தாழ 26,000 பேர் விண்ணப்பித்தார்கள். அவர்களில் பள்ளி மதிப்பெண் முழுசாக வைத்திருந்தவர்கள் 8,000-க்கு மேல். எஸ்ஏடி என்ற அமெரிக்கக் கல்லூரி நுழைவுக்கான பொதுத் தேர்வில், கணக்கில் 800-க்கு 800 வாங்கியவர்கள் 3,400 பேர். இடமோ 1,600 சொச்சம். முழு மார்க்காரர்களை வைத்தே வகுப்பை ஐந்து முறை நிரப்பலாம்.

அதே வழக்கில் மதிப்பிடும் முறையும் தெரிய வந்தது. ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் படிப்பு, பாடத்துக்கு வெளியே செய்தது, விளையாட்டு, ஆளுமை என்று நாலு தலைப்பில் 1 முதல் 6 வரை எண் போடுகிறார்கள். 1 தான் உச்சம். ஆசிரியர் கடிதங்களுக்கும் கவுன்சிலர் கடிதத்துக்கும் முன்னாள் மாணவர் எடுக்கும் நேர்காணலுக்கும் தனித்தனி எண் உண்டு. படிப்பில் 2 என்றால் மிக உயர்ந்த பள்ளி மதிப்பெண்ணோடு எஸ்ஏடியில் ஒவ்வொரு பகுதியிலும் 700-களின் நடுவிலோ மேலோ. 1 என்பது பேராசிரியர்கள் எடுத்துப் பார்க்கும் அளவுக்குச் சொந்தமாக ஏதாவது செய்திருக்கும் ஆள். உங்கள் மகள் 590-ம் எஸ்ஏடியில் 1,600-க்கு 1,550-ம் வாங்கினாலும் படிப்புக் கட்டத்தில் அநேகமாக 2. அந்த 2-ல் பெருங்கூட்டம் நிற்கிறது. அங்கிருந்து யாரை எடுப்பது என்பதை மற்ற எண்களும் கடிதங்களும்தான் தீர்மானிக்கின்றன. முதலில் அந்தந்தப் பகுதியைப் பார்க்கும் அதிகாரி படித்துக் குறிப்பு எழுதுவார். பிறகு துணைக்குழு, கடைசியில் சுமார் 40 பேர் கொண்ட முழுக்குழுவில் வாக்கெடுப்பு.

வெளிநாட்டு மாணவர்களுக்கு வாசல் இன்னும் குறுகல். எம்ஐடியில் மொத்தச் சேர்க்கை விகிதம் நாலரை சதவீதத்தை ஒட்டி. வெளிநாட்டவருக்கு இரண்டு சதவீதத்தை ஒட்டி. உலகம் முழுக்கச் சேர்த்து ஆண்டுக்கு 150 பேருக்குள்தான். இதை மகளிடம் இப்போதே சொல்லி வையுங்கள். விண்ணப்பிக்கலாம், அதையே நம்பி உட்காரக் கூடாது.

"சூழலில் வைத்துப் பார்ப்பது" என்று அவர்கள் அடிக்கடி சொல்வதன் அர்த்தம் இது: உங்கள் பள்ளியில் இல்லாத பாடத்தை ஏன் எடுக்கவில்லை என்று கேட்க மாட்டார்கள். இருந்தவற்றில் கடினமானதை எடுத்தாளா, ஒன்பதாவதிலிருந்து மார்க் ஏறுகிறதா இறங்குகிறதா, பள்ளி கொடுத்தது தீர்ந்த பிறகு தானாக எங்கே போய்த் தேடினாள் என்று பார்ப்பார்கள். சர்வதேசப் பாடத்திட்டப் பள்ளிப் பிள்ளைக்கு வாய்த்த ஆய்வகம் அரசு உதவிபெறும் பள்ளியில் கிடையாது என்பது கோப்பைப் படிப்பவருக்குத் தெரிய வேண்டும். அதைத் தெரியப்படுத்துவது பள்ளி அனுப்பும் காகிதங்கள்.

பல்கலைக்கழகமே வாய் திறந்து சொல்வதைப் படிக்க வேண்டுமானால் ஆண்டுதோறும் வெளியிடும் 'காமன் டேட்டா செட்' ஆவணத்தில் சி7 அட்டவணையைப் பாருங்கள். எதற்கு எவ்வளவு முக்கியத்துவம் என்று டிக் அடித்திருப்பார்கள். எம்ஐடி பல ஆண்டுகளாக 'மிக முக்கியம்' என்ற பத்தியில் குணநலன் ஒன்றைத்தான் வைத்திருக்கிறது. மார்க், கடிதம், கட்டுரை எல்லாம் 'முக்கியம்' பத்தியில். ஹார்வர்டு சாமர்த்தியமாக எல்லாவற்றுக்கும் 'கருத்தில் கொள்கிறோம்' என்று ஒரே டிக். அதைப் படித்து ஒன்றும் பிடிபடாது.

கிளிமூக்கு:

எஸ்ஏடி எல்லாம் இப்போ யாரும் கேக்கிறதில்லைங்க. கொரோனாவோட அதை எடுத்துட்டாங்க. அந்த நேரத்துல ஜேஇஇ படிக்கச் சொல்லுங்க.

வாசல்திண்ணை:

கிளிமூக்கு, அது பழைய செய்தி. எம்ஐடி 2022 மார்ச்சிலேயே எஸ்ஏடியைத் திரும்பக் கட்டாயமாக்கிவிட்டது. 2024-ல் டார்ட்மவுத், பிரவுன், ஹார்வர்டு, கால்டெக் வரிசையாக வந்தன. யேலில் எஸ்ஏடி, ஏசிடி, ஏபி, ஐபி ஆகிய தேர்வுகளில் ஏதாவது ஒன்று வேண்டும். கொலம்பியாவில் இன்றைக்கும் கட்டாயமில்லை. கலிபோர்னியா அரசுப் பல்கலைக்கழகங்கள் கொடுத்தாலும் பார்ப்பதில்லை.

ஸ்டேட் போர்டு பிள்ளைகளுக்கு எஸ்ஏடி உண்மையில் ஒரு வசதி. தமிழ்நாட்டில் சென்டம் பல பாடங்களில் ஆயிரக்கணக்கில் விழுகிறது. பாஸ்டனில் உட்கார்ந்து படிப்பவருக்கு அந்த 100-க்கு என்ன எடை என்று தெரியாது. எஸ்ஏடியில் 790 என்றால் தெரியும்.

தேர்வு இப்போது கணினியில், மொத்தம் 2 மணி 14 நிமிடம். ஆங்கிலம் இரண்டு பகுதி, ஒவ்வொன்றும் 27 கேள்வி 32 நிமிடம். கணக்கு இரண்டு பகுதி, ஒவ்வொன்றும் 22 கேள்வி 35 நிமிடம். முதல் பகுதியை எப்படிச் செய்தீர்களோ அதை வைத்துத்தான் இரண்டாம் பகுதி கடினமாகவோ லேசாகவோ வரும். முதல் பகுதியில் கோட்டைவிட்டால் லேசான இரண்டாம் பகுதி வரும், அதை முழுசாகச் சரியாகப் போட்டாலும் உச்ச மார்க்கைத் தொட முடியாது. நம் பிள்ளைகள் வழக்கமாகச் செய்யும் தப்பு, கணக்கையே திரும்பத் திரும்பப் போடுவது. அது எப்படியும் 760, 780 வந்துவிடும். இடறுவது ஆங்கிலத்தில்: காற்புள்ளி, அரைப்புள்ளி எங்கே, ஐந்து வரிப் பத்தியில் எழுதியவர் எதை மறுக்கிறார் என்பது போன்றவை. பிளஸ் ஒன் முடிவதற்குள் அதில் ஆறு மாதம் போட வேண்டும். எம்ஐடிக்குக் குறிவைத்தால் கணக்கில் 780-க்குக் கீழே வந்தால் இன்னொரு முறை எழுதலாம். பகுதிவாரியாக உயர்ந்த மார்க்கை எடுத்துக்கொள்வார்கள்.

ஜேஇஇ மார்க்கை அமெரிக்காவில் கேட்பதில்லை. அதற்காகப் படித்த கணக்கும் இயற்பியலும் வீண் போகாது. நேரம்தான் மோதும். விண்ணப்ப வேலை ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை, ஜேஇஇ மெயின் முதல் சுற்று ஜனவரியில்.

சாக்பீஸ்:

பள்ளிக் காகிதங்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கெட்டுப்போகும் விண்ணப்பங்களில் பெரும்பகுதி இங்கேதான் கெடுகிறது.

கவுன்சிலர் இல்லாவிட்டால் தலைமை ஆசிரியர்தான் கவுன்சிலர். பல பல்கலைக்கழகங்களுக்கு ஒரே இடத்திலிருந்து விண்ணப்பிக்கும் 'காமன் ஆப்' தளத்தில் மாணவி கணக்குத் தொடங்கி அவருடைய மின்னஞ்சலைக் கொடுக்க வேண்டும். அவருக்கு ஒரு இணைப்புப் போகும். அதன் வழியாக அவரே மதிப்பெண் பட்டியல், பள்ளியைப் பற்றிய குறிப்பு, தன் கடிதம் மூன்றையும் ஏற்ற வேண்டும். எம்ஐடி காமன் ஆப்பில் கிடையாது. அதற்குத் தனித் தளம், தனிப் படிவம். பல பேர் இங்கே ஒரு வேலை செய்வார்கள்: தலைமை ஆசிரியர் பெயரில் தாங்களே ஒரு மின்னஞ்சல் தொடங்கி, தாங்களே எல்லாவற்றையும் ஏற்றிவிடுவார்கள். அது ஆள்மாறாட்டம். பிடிபட்டால் சேர்ந்த பிறகும் நீக்குவார்கள். பள்ளிக்கு அதிகாரப்பூர்வ மின்னஞ்சல் இருந்தால் அதையே கொடுங்கள். தலைமை ஆசிரியருக்குக் கணினி பழக்கமில்லை என்றால் கணினி ஆசிரியர் அவர் பக்கத்தில் உட்கார்ந்து உதவட்டும். கை அவருடையதாக இருக்க வேண்டும்.

மதிப்பெண் பட்டியலில் 9, 10, 11 வகுப்புகளின் ஆண்டு மதிப்பெண்ணும் பிளஸ் டூவின் காலாண்டு மதிப்பெண்ணும் வேண்டும். இதை அமெரிக்கப் பள்ளிகளின் நாலு புள்ளி அளவுக்கு மாற்றிக் கொடுக்காதீர்கள். இணையத்தில் ஏதோ ஒரு கணக்கீட்டில் போட்டு 3.9 என்று எழுதுவதால் குழப்பம்தான் மிஞ்சும். 100-க்கு எத்தனையோ அப்படியே எழுதினால் போதும்.

பள்ளிக் குறிப்பு என்பது ஒரு பக்கம். பெரும்பாலான பள்ளிகள் இதை அனுப்புவதே இல்லை, அல்லது ஆண்டுவிழா மலர் முன்னுரையை அனுப்புகின்றன. அதில் இருக்க வேண்டியது: பள்ளி எந்த ஊரில், யார் நடத்துவது, பிளஸ் டூவில் எத்தனை மாணவர், என்னென்ன குரூப், பிளஸ் டூவில் ஆறு பாடம் 600 மதிப்பெண் என்ற விவரம், கடந்த ஆண்டு 550-க்கு மேல் எத்தனை பேர், ஆய்வகத்தில் என்ன இருக்கிறது, என்ன இல்லை, வீட்டில் முதல் பட்டதாரிகளாகப் போகிறவர்கள் எத்தனை சதவீதம். 'எங்கள் பள்ளியில் உயர்கணிதம் சொல்லித்தர ஆள் இல்லை' என்று எழுதக் கூச்சப்பட வேண்டாம். அந்த ஒரு வரி மாணவிக்கு எவ்வளவு உதவும் என்று பள்ளிகளுக்குத் தெரிவதில்லை.

இனி ஆசிரியர் கடிதம். இரண்டு பேர், பிளஸ் ஒன் அல்லது பிளஸ் டூவில் பாடம் எடுத்தவர்கள். எம்ஐடிக்கு ஒருவர் கணிதம் அல்லது அறிவியல், இன்னொருவர் மொழி அல்லது வரலாறு போன்ற பாடம். தமிழாசிரியர் தாராளமாக எழுதலாம். தமிழில் எழுதினால் ஆங்கில மொழிபெயர்ப்போடு போக வேண்டும்.

நம் பக்கத்துக் கடிதம் எப்படி இருக்கும்? 'இம்மாணவி ஒழுக்கமானவர், கீழ்ப்படிபவர், நேரம் தவறாதவர், வகுப்பில் முதலிடம். வாழ்வில் எல்லா வளமும் பெற வாழ்த்துகிறேன்.' இது நன்னடத்தைச் சான்றிதழ். மார்க் பட்டியலில் இல்லாத எதையும் இது சொல்லவில்லை. கீழ்ப்படிதலை அங்கே பெருமையாக எடுத்துக்கொள்வதும் இல்லை. ஹார்வர்டின் உள்குறிப்பில் கடிதத்துக்கு 1 கிடைக்க 'என் பணிக்காலத்திலேயே சிறந்தவர்' என்ற அளவில் ஆசிரியர் சொல்லியிருக்க வேண்டும். வெறுமனே நல்லவிதமாக எழுதியிருந்தால் 3. காமன் ஆப் படிவத்திலும் ஆசிரியர் டிக் அடிக்கும் அட்டவணையின் கடைசிக் கட்டம் 'என் பணிக்காலத்தில் கண்ட ஒரு சிலரில் ஒருவர்' என்பதுதான்.

அப்படிச் சொன்னால் மட்டும் போதாது, சம்பவம் வேண்டும். 'சார்புகள் பாடத்தில் நான் கரும்பலகையில் போட்ட நிரூபணத்தில் ஒரு படி விட்டுப்போயிருந்தது. மறுநாள் காலை ஆசிரியர் அறைக்கு வந்து, வகுப்பில் கேட்காமல் தனியாகக் கேட்டாள். அவள் சொன்னது சரி. அடுத்த வகுப்பில் அவளையே வந்து விளக்கச் சொன்னேன். மூன்றாவது பெஞ்சில் இருந்தவளுக்குப் புரியும்வரை இரண்டு விதமாகச் சொன்னாள்.' இந்த நாலு வரியில் கணக்கறிவு, பண்பு, சொல்லித்தரும் திறன் மூன்றும் இருக்கின்றன. நல்லவள் என்ற சொல் ஒரு இடத்திலும் இல்லை.

ஆசிரியருக்கு நூறு வேலை. எனவே மகள் ஒரு தாளில், அந்த வகுப்பில் நடந்த நாலைந்து விஷயங்களை நினைவூட்டி எழுதிக் கொடுக்கலாம். கடிதத்தையே எழுதிக் கொடுத்துக் கையெழுத்து மட்டும் வாங்கக் கூடாது. கட்டுரையும் இரண்டு கடிதமும் ஒரே நடையில் இருந்தால் படிப்பவர் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார். இன்னொன்று: கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறாயா என்று படிவம் கேட்கும். ஆம் என்றே கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கடிதத்துக்கு மதிப்புக் குறைவு.

பொருநைக்கரை:

இருவருக்கும் மிக்க நன்றி. ஒரு விஷயம் இடிக்கிறது. பாடத்துக்கு வெளியே செய்தது என்று கேட்டால் இவளிடம் காட்ட ஒன்றும் இல்லை. என்எஸ்எஸ்ஸில் பெயர் இருக்கிறது. மாலை ஆறிலிருந்து எட்டரை வரை எங்கள் மளிகைக்கடை கல்லாவில் அவள்தான். கடன் நோட்டைக் கணினியில் ஏற்றுகிறேன் என்று ஏதோ புரோகிராம் எழுதி வைத்திருக்கிறாள். மெடல், கோப்பை எதுவும் கிடையாது. அதனால்தான் அந்த பேக்கேஜைப் பற்றிக் கேட்டேன்.

ஒற்றைவரி:

அண்ணாச்சி, 'காட்ட ஒன்றும் இல்லை' என்று சொல்லிவிட்டு அடுத்த வரியிலேயே காட்ட வேண்டியதைச் சொல்லிவிட்டீர்கள்.

காமன் ஆப்பில் பத்துச் செயல்பாடு எழுத இடம் உண்டு. எம்ஐடியில் நாலுதான். காமன் ஆப் கொடுக்கும் வகைப் பட்டியலில் 'குடும்பப் பொறுப்பு' என்றே ஒரு வகை இருக்கிறது. சம்பள வேலைக்கும் தனி வகை. மேலே சொன்ன ஹார்வர்டு எண்களில் பாடத்துக்கு வெளியே என்ற தலைப்பில் 5 என்பது மட்டம் என்று பொருளில்லை. வீட்டுப் பொறுப்பிலும் வேலையிலும் கணிசமான நேரம் செலவழிக்கும் பிள்ளை என்பதற்கான குறியீடு அது. அதை மற்றச் செயல்பாடுகளோடு சேர்த்து எண்ணை உயர்த்தவும் செய்வார்கள். தனிச்சிறப்பு இல்லாமல் பங்கேற்றிருந்தால் 3.

ஒவ்வொரு செயலுக்கும் விவரிக்க 150 எழுத்து, இடைவெளி உட்பட. பொறுப்பின் பெயருக்கு 50 எழுத்து. வாரம் எத்தனை மணி, ஆண்டுக்கு எத்தனை வாரம் என்றும் கேட்பார்கள். நம்மவர்கள் எழுதுவது: 'என்எஸ்எஸ் உறுப்பினராகப் பல்வேறு சமூகப் பணிகளில் ஆர்வத்துடன் பங்கேற்றுத் தலைமைப் பண்பை வளர்த்துக்கொண்டேன்.' இதைப் படித்தவருக்கு இவள் என்ன செய்தாள் என்று ஒரு எழுத்தும் தெரியாது. அதையே கடைக்கு இப்படி எழுதலாம்: 'தினம் இரண்டரை மணி கல்லா. கடன் நோட்டை பைத்தான் புரோகிராமுக்கு மாற்றினேன். இத்தனை வீடுகள், மாதக் கடைசியில் நிலுவைச் சீட்டு.' எத்தனை வீடு என்ற எண் உண்மையாக இருக்கட்டும். நாற்பது என்றால் நாற்பது. நானூறு என்று ஊதினால் வாரத்துக்குப் பதினேழரை மணி நேரக் கணக்கோடு ஒட்டாது. கூட்டினால் நாளுக்கு 30 மணி நேரம் வரும் விண்ணப்பங்களும் போகின்றன, அவர்களுக்கும் கூட்டத் தெரியும்.

கட்டுரைக்கு (650 சொல்லுக்குள்) உங்கள் மகள் வேறெங்கும் போக வேண்டாம் என்பது என் எண்ணம். கடன் நோட்டில் பெயர் எப்படி இருக்கும்? 'டெய்லர் வீட்டம்மா', 'செல்வி அம்மா', 'மாடி வீடு'. மூன்றும் ஒரே ஆளாக இருக்கலாம். உங்களுக்கு அது தெரியும், கணினிக்குத் தெரியாது. 'அடுத்த வாரம் தாரேன்' என்பதை எந்தத் தேதிக் கட்டத்தில் போடுவது? சந்தை நாள் கழிந்தால்தான் காசு வரும் வீட்டுக்கு முப்பது நாள் கெடு வைத்தால் புரோகிராம் அவர்களைத் தினமும் சிவப்பில் காட்டும். இப்படி ஏதாவது ஒன்றில் அவள் நிச்சயம் முட்டியிருப்பாள். முதலில் தப்பாகச் செய்து, யாராவது கோபப்பட்டு, பிறகு மாற்றியிருப்பாள். எதை மாற்றினாள், ஏன், எதை மாற்ற முடியாமல் இன்னும் நோட்டிலேயே வைத்திருக்கிறாள் என்று எழுதட்டும். அவள் மூளை வேலை செய்யும் விதம் அதில் தெரியும். படிப்பவர் தேடுவது அது. என்ன எழுத வேண்டும் என்று நான் சொன்னதை வைத்துக்கொள்ளாமல் அவளிடமே கேளுங்கள். நிஜம் இதைவிட நன்றாக இருக்கும்.

தவிர்க்க வேண்டியவை: அப்துல் கலாம் மேற்கோளில் தொடங்குவது, செயல்பாட்டுப் பட்டியலையே பத்தியாக எழுதுவது, ஏழ்மையை மட்டும் விவரித்து முடிப்பது. கடைசிப் பத்தியில் 'இதனால் நான் விடாமுயற்சியைக் கற்றுக்கொண்டேன்' என்று எழுதினால் அதுவரை எழுதியதும் சப்பென்று ஆகிவிடும். பல்கலைக்கழகம் தனியாகக் கேட்கும் சிறு கேள்விகளும் உண்டு, நூறு முதல் இருநூறு சொல். ஏன் எங்கள் இடம் என்ற கேள்விக்கு 'உலகத்தரம் வாய்ந்த பேராசிரியர்கள்' என்று எழுதினால், பெயரை மாற்றி எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் அனுப்பலாம். அதனால் அது பதிலே ஆகாது.

அந்த பேக்கேஜ் வேண்டாம். பிளஸ் டூ தொடங்கும்போது முளைத்த டிரஸ்ட், காசு கட்டினால் எதையும் அச்சிடும் ஜர்னல் இரண்டையும் இந்தியக் கோப்புகளைப் படிப்பவர்கள் வருஷா வருஷம் பார்க்கிறார்கள். எழுதித் தருவது அதைவிட ஆபத்து. இது என் சொந்த எழுத்து என்று உறுதிமொழி கொடுத்துத்தான் காமன் ஆப்பை அனுப்ப முடியும். செயற்கை நுண்ணறிவு எழுதியதை உங்களுடையதாகக் காட்டுவதையும் அவர்கள் மோசடிப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். 2019-ல் அமெரிக்காவையே உலுக்கிய மோசடி வழக்கில் ரிக் சிங்கர் என்ற ஆலோசகர் செய்தவற்றில் ஒன்று பொய்யான சாதனைகளைத் தயாரித்துத் தந்தது. மூன்றரை ஆண்டு சிறை.

அந்த நாலரை லட்சத்துக்குப் பதிலாக, இந்த ஆண்டே ஐஓகியூஎம் கணித ஒலிம்பியாட் முதல் சுற்றும், இசட்ஐஓ கணினி ஒலிம்பியாட்டும் எழுதச் சொல்லுங்கள். கட்டணம் சில நூறு ரூபாய். முதல் சுற்று தேறினாலே, எந்தப் பள்ளியிலிருந்து என்ற கேள்வி பின்னுக்குப் போய்விடும்.

காசுக்கணக்கு:

உதவித்தொகை பற்றி. 'கேட்டால் சீட் போகும்' என்பது சில இடங்களில் உண்மை, சில இடங்களில் பொய். வெளிநாட்டு மாணவருக்கும் பணத் தேவையைப் பார்க்காமல் சேர்க்கை முடிவெடுத்து, தேவை முழுவதையும் தரும் இடங்கள்: ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, டார்ட்மவுத், பிரவுன், ஆம்ஹர்ஸ்ட், போடன். இங்கே கேட்பதில் நஷ்டமே இல்லை. ஆண்டுச் செலவு 80,000 டாலருக்கு மேல் போகிறது. ஹார்வர்டு 2025-26 முதல் ஒரு லட்சம் டாலருக்குக் கீழே வருமானமுள்ள சாதாரணக் குடும்பங்களிடம் எதுவும் வாங்குவதில்லை. உங்கள் ஏழு லட்சம் ரூபாய் அதில் பத்தில் ஒரு பங்குகூட வராது.

ஸ்டான்ஃபோர்டு போன்ற இடங்களில் வெளிநாட்டவர் உதவி கேட்பது முடிவைப் பாதிக்கும். அதற்குப் பயந்து கேட்காமல் விண்ணப்பித்துச் சேர்ந்துவிட்டுப் பிறகு கேட்கலாம் என்று நினைக்காதீர்கள். பிறகு கேட்க முடியாது.

'சிஎஸ்எஸ் புரொஃபைல்' என்ற படிவம் நிரப்ப வேண்டும். வருமான வரி ரிட்டர்ன், கடையின் ஜிஎஸ்டி விவரம், வங்கிக் கணக்கு, நிலம், வீடு எல்லாம் கேட்பார்கள். தாசில்தார் வருமானச் சான்றிதழில் ஒரு தொகை, ரிட்டர்னில் வேறு தொகை என்றால் விளக்கம் கேட்டு இழுத்தடிக்கும். இரண்டையும் இப்போதே ஒத்துப்பாருங்கள். விண்ணப்பக் கட்டணத்துக்கும் விலக்கு உண்டு, படிவத்திலேயே கேட்கலாம்.

கடைசியாக, 'எர்லி டிசிஷன்' என்பது சீட் கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டிய ஒப்பந்தம். உதவித் தொகைகளை ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு போய்விடும். ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டனில் நவம்பர் 1-க்குள் அனுப்பும் முறைக்கு அந்தக் கட்டு இல்லை, ஆனால் ஒரே நேரத்தில் வேறு தனியார் பல்கலைக்கழகத்துக்கு முன்கூட்டி விண்ணப்பிக்கத் தடை உண்டு.

தேம்ஸ்பக்கம்:

ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பற்றி யாரும் சொல்லவில்லை. அங்கே கதை வேறு. கடை, டிரஸ்ட், தலைமைப் பண்பு எதுவும் அவ்வளவாக எடுபடாது. பாடம், பாடம், பாடம். விண்ணப்பம் பிரிட்டனின் பொது விண்ணப்பத் தளமான யூகாஸ் வழியாக அக்டோபர் 15-க்குள், இரண்டில் ஒன்றுக்குத்தான் போட முடியும். 2026 சேர்க்கையிலிருந்து தன்விளக்கக் கட்டுரை மூன்று கேள்விகளாகப் பிரிந்துவிட்டது; மொத்தம் 4,000 எழுத்து. பாடத்தை ஒட்டித் தானாகப் படித்தது என்ன என்பதற்கே முக்கால்வாசி இடத்தைக் கொடுக்க வேண்டும். கேம்பிரிட்ஜில் கணினி அறிவியலுக்கு டிஎம்யூஏ, பொறியியலுக்கு ஈசாட் நுழைவுத் தேர்வு.

டிசம்பரில் நேர்காணல். சைன் எக்ஸை எக்ஸால் வகுத்தால் வரும் வளைவை வரை என்பார்கள். பூஜ்யத்தில் என்ன ஆகும், தூரத்தில் என்ன ஆகும், இப்போது எக்ஸுக்குப் பதில் 1/எக்ஸ் போட்டால் என்ன மாறும் என்று கேட்டுக்கொண்டே போவார்கள். விடை தெரிந்தவனைவிட, ஒரு குறிப்புக் கொடுத்தால் அதைப் பிடித்துக்கொண்டு உரக்க யோசித்து முன்னேறுகிறவனுக்கு மதிப்பு. மனப்பாடப் பழக்கத்தில் வந்த பிள்ளை வாயை மூடிக்கொண்டு விடை தேடும். அங்கேதான் தோற்கிறார்கள்.

இந்தியப் போர்டுகளுக்குத் தனித்தனியாக நிபந்தனை வைத்திருக்கிறார்கள். ஸ்டேட் போர்டுக்கு என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பார்த்துவிட்டு மற்ற வேலையைத் தொடங்குங்கள். வெளிநாட்டவருக்கு உதவித்தொகை மிகச் சொற்பம். உங்கள் நிலையில் அமெரிக்கப் பட்டியலே பொருத்தம்.

பொருநைக்கரை:

அனைவருக்கும் நன்றி. பேக்கேஜை விட்டாச்சு. சாக்பீஸ் ஐயாவிடம் ஒன்று: பிளஸ் ஒன்னுக்கு இப்போது பொதுத்தேர்வு இல்லையே, பள்ளி போடும் மார்க்கை ஏற்பார்களா? எங்கள் தலைமை ஆசிரியர் இந்தக் கல்வியாண்டோடு ஓய்வு பெறுகிறார், அதுவும் ஒரு கவலை.

சாக்பீஸ்:

ஏற்பார்கள். அமெரிக்காவில் பள்ளி மார்க் முழுக்கவே பள்ளி போடுவதுதான். 2025-26 முதல் பிளஸ் ஒன் பொதுத்தேர்வு நீக்கப்பட்டது என்று பள்ளிக் குறிப்பில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள், பழைய மாணவர்களின் பட்டியலோடு ஒப்பிடும்போது குழப்பம் வராது. பிளஸ் டூ அரையாண்டு மார்க் ஜனவரி கடைசியில் கையில் இருக்கும். அதை இடையாண்டு அறிக்கையாகப் பிப்ரவரிக்குள் ஏற்ற வேண்டும். இதைப் பள்ளி மறந்துவிடுவது ரொம்பச் சாதாரணம். மகளே கூடப்போய் நினைவுபடுத்தட்டும். பொதுத்தேர்வு மார்க் மே மாதம் வந்ததும் இறுதி அறிக்கை. சீட் கிடைத்தவர்களுக்கு மார்க் சட்டென்று சரிந்தால் கேள்வி வரும்.

தலைமை ஆசிரியர் விஷயம்: கவுன்சிலர் படிவத்தை விண்ணப்பிக்கும்போது பதவியில் இருப்பவர்தான் நிரப்ப வேண்டும். புதியவருக்கு மகளைத் தெரியாது. அதனால் இப்போதிருப்பவர் ஓய்வு பெறுவதற்கு முன், பள்ளி லெட்டர்ஹெட்டில் மகளைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதிக் கையெழுத்திட்டுக் கோப்பில் வைக்கட்டும். புதியவர் தன் கடிதத்தில் 'எனக்கு முன்பிருந்தவர் எழுதியதை இணைத்திருக்கிறேன்' என்று சொல்லி அதையும் சேர்த்து ஏற்றலாம். பள்ளிக் குறிப்பையும் அவர் இருக்கும்போதே தயார் செய்துவிடுங்கள். ஓய்வு பெறும் மாதத்தில் போய் நிற்காதீர்கள், அந்த மாதம் அவர் தன் பென்ஷன் காகிதங்களோடு அலைந்துகொண்டிருப்பார். பிப்ரவரியில் கேளுங்கள்.